கண்ணாடியைக் கடைசியா பாருங்க: பழைய டிரெஸ்ஸிங் டேபிள் வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல பீரோ பத்திப் பேசினோம். அது வெளிவந்த பிறகு வந்த குரல் செய்திகள்ல ஒரு சாமான் பேர் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்தது: டிரெஸ்ஸிங் டேபிள். "காரைக்குடியில ஒண்ணு பார்த்தோம், வாங்கலாமா?", "பாட்டி வீட்டுல ஒண்ணு கிடக்கு, கண்ணாடிய மாத்திடலாமா?", "பர்மா தேக்குன்னு சொல்றாங்க, எப்படித் தெரிஞ்சுக்கிறது?" நான் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்யுற பட்டறை வச்சிருக்கேன். இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கம்தான். இன்னைக்கு முழு எபிசோடையும் இதுக்கே ஒதுக்கிடலாம்.

பழைய சாமான்கள்லேயே ஏமாறுறதுக்கு ரொம்ப சுலபமானது டிரெஸ்ஸிங் டேபிள்தான். ஏன்னா இது அடிப்படையில ரெண்டு சாமான். கீழே ஒரு மேசை, மேலே ஒரு கண்ணாடிச் சட்டம். நாலு திருகாணியைக் கழட்டினா ரெண்டும் தனித்தனி. எங்கேயோ ஒரு குடும்பத்துல பங்கு பிரிச்சப்போ கண்ணாடி ஒரு மகனுக்கும் மேசை இன்னொரு மகனுக்கும் போயிருக்கும். முப்பது வருஷம் கழிச்சு அந்த மேசை கடைக்கு வரும். கடையில ஏற்கெனவே ஒரு பீரோவோட கதவுக் கண்ணாடி சும்மா கிடக்கும். ரெண்டையும் சேர்த்தா ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் ஆச்சு. பட்டறையில நாங்க இதை "ஜோடி சேர்த்தது"ன்னு சொல்லுவோம்.

இன்னொரு காரணம், கண்ணாடியேதான். கடைக்குள்ள போறோம், எதிர்ல கண்ணாடி. நம்ம முகத்தைப் பார்க்கிறோம், முடியை லேசா ஒதுக்குறோம், கூட வந்தவங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதோட சோதனை முடிஞ்சது! கடைக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். அதனாலதான் கண்ணாடி மட்டும் பளபளன்னு துடைச்சிருக்கும், பின்பக்கம் சுவரோட ஒட்டி நிக்கும். அதனால நான் சொல்ற முறை இதுதான்: கண்ணாடியைக் கடைசியா பாருங்க. முதல்ல பின்பக்கம், பிறகு அடிப்பக்கம், பிறகு இழுப்பறை. அதுக்கு அப்புறம் முகம் பார்த்துக்கலாம்.

இது எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். வயசு கண்டுபிடிக்க அது உதவும். நம்ம வீடுகள்ல அலங்கார மூலைன்னா சுவர்ல ஒரு சின்னக் கண்ணாடி, அந்தச் சட்டத்துல சொருகின சீப்பு, பக்கத்து மாடத்துல குங்குமச்சிமிழ், அவ்வளவுதான். இழுப்பறையும் கண்ணாடியும் சேர்ந்த மேசை ஐரோப்பியப் படுக்கையறைச் சாமான். மெட்ராஸ்ல வெள்ளைக்காரங்க பங்களாக்கள் வழியாவும் பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரங்க வீடுகள் வழியாவும் வந்தது. அதைப் பார்த்து நம்ம ஆசாரிமார் தேக்குலயும் ஈட்டியிலயும் செய்ய ஆரம்பிச்சாங்க.

செட்டிநாட்டுல இது இவ்வளவு கிடைக்குதுன்னா அதுக்குப் பின்னாடி பர்மா இருக்கு. 1852 போர்ல கீழ் பர்மாவும், 1885 போர்ல மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. ரங்கூன்லயும் ஐராவதி டெல்டாவுலயும் கடன் கொடுத்து வாங்குற தொழில் பண்ணின நகரத்தார் குடும்பங்கள் அங்கிருந்து தேக்கைக் கப்பல்ல கொண்டுவந்து வீடு கட்டினாங்க. வளவைச் சுத்தி இருக்கிற அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. பொண்ணு கொண்டுவந்த சீர் அந்த அறைக்குள்ள போகும். கட்டில், பீரோ, கண்ணாடி மேசை எல்லாம் அங்கேதான் நிக்கும். 1942-ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்ததும் அந்த வாழ்க்கை முறிஞ்சுபோச்சு. அதனால இந்த வட்டாரத்துல இருந்து வர்ற நல்ல மேசைகள், என் கைக்கு வந்தவரைக்கும், பெரும்பாலும் 1890-களுக்கும் 1940-களுக்கும் நடுவுல செஞ்சது. யாராவது "இது இருநூறு வருஷம் சார்"னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே இழுப்பறையை வெளிய எடுங்க.

உருவத்தைப் பார்த்தே ஓரளவு காலம் சொல்லலாம். ரெண்டு தூணுக்கு நடுவுல முன்னும் பின்னும் சாயுற கண்ணாடி, கடைசல் பிடிச்ச கால், உச்சியில கொடியும் பூவுமா செதுக்கு, இதெல்லாம் விக்டோரியா காலத்துப் பாணி. நம்ம பக்கம் அந்தப் பாணி இங்கிலாந்துல பழசான பிறகும் ரொம்ப நாள் ஓடிச்சு. அடுத்தது 1930-கள், 40-கள்ல வந்த ஆர்ட் டெகோ: நடுவுல தரை வரைக்கும் இறங்குற நீளக் கண்ணாடி, ரெண்டு பக்கமும் குட்டையான இழுப்பறைப் பெட்டி, மூலையெல்லாம் வளைவு, செதுக்கு வேலையே கிடையாது. இல்லன்னா வட்டக் கண்ணாடி. சிலதுல ரெண்டு பக்கமும் மடக்குற இறக்கைக் கண்ணாடி இருக்கும். எனக்கு இந்தக் கடைசி வகைதான் பிடிக்கும். செதுக்கு இல்லைங்கிறதுக்காகக் கடையில இதை மலிவா போடுவாங்க. வாங்குறவங்களுக்கு நல்லதுதான்.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எனாமல் கிண்ணம், சுவர்க்கடிகாரம், ரவிவர்மா படங்கள், பித்தளை, கதவு, தூண்னு வரிசையா பழம்பொருள் கடைகள். அந்தத் தூணும் கதவும் எங்கிருந்து வருது? பிரிச்சு விக்கிற வீடுகள்ல இருந்து. அந்த மரம் அருமையான மரம். அதை அறுத்து இழைச்சு ஒரு ஆசாரி புது டிரெஸ்ஸிங் டேபிள் செஞ்சா, மரத்துக்கு நூறு வயசு, மேசைக்கு ஆறு மாசம். இதுல தப்பே இல்லை. நானே செஞ்சு கொடுத்திருக்கேன். பழைய மரத்துல செஞ்ச புது மேசைன்னு சொல்லி வித்தா அது நேர்மையான வியாபாரம். பழைய மேசைன்னு சொல்லி வித்தாத்தான் பிரச்சனை. விலையில இருக்கிற வித்தியாசம் அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் பார்க்கிறது ஓட்டைகளை. ஒரு மேசையில இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு காரணம் இருக்கணும். கைப்பிடி ஓட்டை, பூட்டு ஓட்டை, கண்ணாடித் தூண் இறங்குற ஓட்டை சரி. ஆனா பக்கவாட்டுப் பலகையோட நடுவுல ஒரு பெரிய ஓட்டையை மரக்கட்டை வச்சு அடைச்சிருக்கு, கால்ல கீல் உட்கார்ந்த பள்ளம் தெரியுதுன்னா அந்தக் கட்டைக்கு ஒரு முன்ஜென்மம் இருக்கு. அது கதவா இருந்திருக்கும்.

அடுத்தது வண்டு அரிச்ச தடம். உளுத்த மரம்னா பழசுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. உண்மையில வண்டு வெளிய வரும்போது மேற்பரப்புல சின்ன வட்ட ஓட்டை மட்டும்தான் விடும். சுரங்கம் முழுக்க உள்ளே ஓடும். மேல்பரப்புலயே வாய்க்கால் மாதிரி நீளமா தடம் திறந்து தெரிஞ்சா, வண்டு தின்ன பிறகு அந்தக் கட்டையை யாரோ அறுத்திருக்காங்க, இல்ல இழைச்சிருக்காங்க. அதுவே பழைய மரத்துல செஞ்ச புதுசுங்கிறதுக்கு நல்ல சாட்சி. எல்லா ஓட்டையும் ஒரே அளவுல ஒரே நேரா இருந்தா, அது டிரில் பண்ணின "வண்டு".

மூணாவது சாயம். இழுப்பறையோட உள்பக்கம், மேசையோட அடிப்பக்கம், பின்பலகை, இங்கெல்லாம் அந்தக் காலத்துல பாலிஷ் போட மாட்டாங்க. பச்சை மரமா விட்டிருப்பாங்க. அது காத்து பட்டுத் தானா சாம்பல் கலந்த பழுப்பாகியிருக்கும். கை படுற இடம் ஒரு மாதிரி, படாத மூலை வேற மாதிரின்னு அந்த நிறம் சீரா இருக்காது. புதுசா அறுத்த மரத்தை மறைக்கணும்னாதான் அடியிலயும் சாயம் பூசத் தேவை வரும். மேசைக்கு அடியில குனிஞ்சு பார்த்து எல்லாம் ஒரே காபி நிறமா இருந்தா எழுந்து வந்துடுங்க.

இப்போ இழுப்பறை. முழுசா வெளிய எடுத்துக் கவிழ்த்துப் பாருங்க. மூலையில டவ்டெயில் இணைப்பு இருக்கும், புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லுங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள்லயும் வீடியோக்கள்லயும் "பல்லு சீரில்லாம கையால வெட்டியிருந்தா பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஒரே அளவா இருந்தா மெஷின், அதனால புதுசு"ன்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுக்கு அது சரியா இருக்கலாம். நம்ம ஊருக்கு இதை அப்படியே எடுத்துக்காதீங்க. இங்கே ஆசாரி 1970-லயும் கையாலதான் வெட்டினார், சில பட்டறைகள்ல இன்னைக்கும் கையாலதான் வெட்டுறாங்க. கையால வெட்டினதுங்கிறது நம்ம பக்கம் வயசுக்கு ஆதாரம் ஆகாது.

அதைவிட நம்பகமானது தேய்மானம். இழுப்பறை எந்தச் சட்டத்து மேல ஓடுதோ அந்தச் சட்டமும், இழுப்பறைப் பக்கப் பலகையோட கீழ் விளிம்பும் ஒண்ணுக்கொண்ணு உரசித் தேயும். ரெண்டும் பொருந்துற மாதிரி தேய்ஞ்சிருக்கணும். பலகை மட்டும் வழிச்சு விட்ட மாதிரி தேய்ஞ்சிருக்கு, சட்டம் கூர்மையா புதுசா இருக்குன்னா, ஒண்ணு சட்டம் மாத்தியிருக்காங்க, இல்ல இழுப்பறை வேற வீட்டுது. அதுவும் தினமும் திறக்குற மேல் இழுப்பறைதான் அதிகம் தேய்ஞ்சிருக்கும், அடி இழுப்பறை கம்மியா. எல்லாம் ஒரே அளவு தேய்ஞ்சிருந்தா அது உப்புத்தாள் வேலை.

திருகாணியைப் பாருங்க. கூட்டல் குறி போட்ட தலை, அதாவது பிலிப்ஸ் திருகாணி, சந்தைக்கு வந்தது 1930-களில்தான். 1900-ல செஞ்சதுன்னு சொல்ற மேசையில அது இருந்தா யாரோ பிறகு கை வச்சிருக்காங்க. கை வச்சிருந்தா உடனே வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை. நூறு வருஷத்துல ரிப்பேர் நடக்காத மேசை எது? எங்கே, எதுக்காகக் கை வச்சாங்கன்னு தெரிஞ்சா போதும். கைப்பிடியையும் அப்படியே பார்க்கணும். வெளிய பித்தளை மினுங்கும். இழுப்பறைக்கு உள்பக்கம் பார்த்தா அடைச்ச பழைய ஓட்டை ரெண்டு தெரியும். அப்ப கைப்பிடி மாத்தினது. விலை பேசும்போது அதைச் சொல்லுங்க.

கண்ணாடிச் சட்டமும் மேசையும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களான்னு பார்க்க, சட்டத்தைத் தாங்குற தூண் மேசையில இறங்குற இடத்தைப் பாருங்க. அசல்னா தூணைச் சுத்தின மரம் ஒரு நிறமும், தூண் மூடியிருந்த இடம் வேற நிறமுமா இருக்கும், பழைய காலண்டரை எடுத்த பிறகு சுவர்ல தெரியுற கட்டம் மாதிரி. அந்தக் கட்டம் இப்போ இருக்கிற தூணோட அளவுக்குப் பொருந்தணும். அதுக்குப் பக்கத்துல வேற கட்டம் தெரிஞ்சா ஜோடி சேர்த்ததுதான். எழுத்து மேசை மேல கண்ணாடி ஏத்தினது நிறைய வருது. அதுல மேல்பலகையில பேனா நிப் கீறலும் மைக்கறையும் இருக்கும். மை கொட்டி அலங்காரம் பண்ணிக்கிட்டவங்க யாரும் இல்லையே.

இப்போதான் கண்ணாடி. நம்ம மொழியிலயே இதோட வரலாறு ஒளிஞ்சிருக்கு. "ரசம் போன கண்ணாடி"ன்னு சொல்றோம் இல்லையா? அந்த ரசம் பாதரசம். பழைய முறையில தகரத் தகட்டோட பாதரசத்தைச் சேர்த்துக் கண்ணாடிக்குப் பின்னால படிய வைப்பாங்க. 1835-ல ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளியைக் கண்ணாடி மேல படிய வைக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். அது தொழிற்சாலைக்குப் போய், பாதரசக் கண்ணாடியை முழுசா ஓரங்கட்ட அந்த நூற்றாண்டு முடியிற வரைக்கும் ஆச்சு. அதனால நம்ம கைக்கு வர்ற 1900-க்குப் பிந்தின மேசைகள்ல இருக்கிறது வெள்ளி. ஆனா இன்னைக்கும் நாம ரசம் போச்சுன்னுதான் சொல்றோம்.

ரெண்டும் கெட்டுப்போற விதம் வேற. வெள்ளிப் பூச்சு ஓரத்துல இருந்து கறுத்துக்கிட்டு வரும். பழுப்பு, கறுப்புப் புள்ளிகள், பின்பக்கப் பெயின்ட் உரிஞ்ச இடத்துல வெறும் கண்ணாடி. பாதரசப் பூச்சு சாம்பல் நிறமா, உப்புத் தூவின மாதிரி மினுமினுக்கும். பாதரசம் கீழ்நோக்கி இறங்குறதால அடிப்பகுதி முதல்ல கெடும். அப்படி ஒண்ணு உங்க வீட்டுல இருந்தா தயவுசெஞ்சு பின்பக்கத்தைச் சுரண்டாதீங்க. குழந்தைங்க கையில கொடுக்காதீங்க. பாதரசம் விஷம். மட்டமா படுக்கவும் வைக்காதீங்க, நிமிர்ந்தபடியே இருக்கட்டும்.

"பெல்ஜியம் கண்ணாடி"ங்கிற வார்த்தை பத்தியும் ஒண்ணு சொல்லணும். செட்டிநாட்டு வீடுகளுக்கு பெல்ஜியத்துல இருந்து கண்ணாடி வந்தது உண்மை. ஆனா இப்போ அது கனமான, ஓரம் சாய்ச்சுத் தீட்டின எந்தப் பழைய கண்ணாடிக்கும் பொதுப் பேர் ஆயிடுச்சு. வாட்ஸ்அப்ல வர்ற நகச் சோதனையும் அப்படித்தான். நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி கண்ணாடியோட கனத்தைச் சொல்லும், வயசைச் சொல்லாது. நான் விரலால ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். பழைய கைவேலைச் சாய்வு ரொம்ப ஆழமில்லாம, தொடங்குற இடமே விரலுக்குச் சரியா பிடிபடாத மாதிரி இருக்கும். மெஷின் சாய்வு கத்தி மடிப்பு மாதிரி தெளிவா படும். பிம்பம் நெளியுதான்னும் பார்ப்பாங்க. பில்கிங்டன் நிறுவனம் மிதவைக் கண்ணாடி முறையை அறிவிச்சது 1959-ல. அதுக்கு முந்தின மலிவுக் கண்ணாடி நெளியும். ஆனா நம்ம நாட்டுல மிதவைக் கண்ணாடி ஆலைகள் வந்ததே 1990-களில்தான். அதனால நெளியுற கண்ணாடி 1975-ல மாத்தினதாகவும் இருக்கலாம். சட்டத்துக்குப் பின்னால இருக்கிற பலகையோட ஆணியைப் பாருங்க. ஆணி பிடுங்கித் திரும்ப அடிச்ச தடம் இருந்தா கண்ணாடி மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்துல ஒரு நேயரோட விஷயத்தைச் சொல்றேன், அவங்க அனுமதியோட. திருப்பத்தூர் பக்கம் அவங்க அப்பத்தா வீடு. பங்கு பிரிக்கிறாங்க. ஒரு புரோக்கர் வந்து டிரெஸ்ஸிங் டேபிளைப் பார்த்துட்டு, "ஆச்சி, கண்ணாடியில ரசம் போச்சு. பின்கால்ல கரையான். அடிப்பலகை தேக்கே இல்ல, பலா. விறகு விலைக்கு எடுத்துக்கிறேன்"னு சொல்லியிருக்கார். கண்ணாடியைப் புதுசா மாத்தி, பாலிஷ் போட்டு வித்தா கூடக் கிடைக்குமான்னு இவங்க என்கிட்ட கேட்டாங்க. நான் மேசையோட முகத்தைக் காட்டாம, பின்பக்கம், அடிப்பக்கம், இழுப்பறை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

படங்கள் வந்தது. இழுப்பறைகளுக்குப் பின்னால பென்சில்ல தமிழ் எண்: ௧, ௨, ௩, ௪. இழுப்பறை போற கூட்டுலயும் அதே எண்கள். கண்ணாடிச் சட்டத்தோட பின்பலகையில ௫, அதே கையெழுத்து. ஆசாரி பொருத்தும்போது போட்டுக்கிட்ட குறி. அதாவது கண்ணாடியும் மேசையும் ஒரே பட்டறையில ஒண்ணா பிறந்தது. இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது. அடிப்பலகை பலாதான். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஆசாரி பலாவோ மாவோ போடுறது வழக்கம், அதுவே அசல்ங்கிறதுக்கு ஒரு அடையாளம். கரையான் மண் தடம் தரையில இருந்து ஒரு சாண் ஏறியிருந்தது. தட்டிப் பார்க்கச் சொன்னேன், மரம் கெட்டியா இருந்தது. ஆக, புரோக்கர் சொன்ன மூணும் உண்மை, விலை மட்டும் சரியில்லை.

நான் அவங்ககிட்ட சொன்னது ஒண்ணுதான். எதையும் மாத்தாதீங்க, பாலிஷ் போடாதீங்க, பென்சில் குறியைத் துடைக்காதீங்க. விக்கிறதா இருந்தா இப்படியே வித்தாத்தான் விலை. தெரிஞ்சதையெல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க: அப்பத்தா கல்யாணம் எந்த வருஷம், சீர் எந்த ஊர்ல இருந்து வந்தது, மேசை எந்த அறையில நின்னது. கல்யாணப் பத்திரிகை இருந்தா அதோட ஒரு படம். வாங்குறவங்க கடையில கேக்குற கதைக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசம், இதுக்குத் தேதியும் சாட்சியும் இருக்கு. அந்தத் தாளை எழுத உட்கார்ந்தப்போதான் மூணு அத்தைமாரும் பல வருஷத்துக்கு அப்புறம் ஒரே அறையில உட்கார்ந்து பேசினாங்கன்னு அந்த நேயர் எழுதியிருந்தாங்க. விக்கிறதா, யார் எடுத்துக்கிறதுன்னு குடும்பத்துல இன்னும் முடிவாகலை. அது அவங்க விஷயம்.

வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் வாயால சொல்றதை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. "தேக்கு, சுமார் 1930, கண்ணாடி மாத்தினது" இவ்வளவு போதும். நல்ல கடைக்காரர் எழுதித் தருவார். எழுதத் தயங்குறவர் சொன்ன வயசைக் கழிச்சுட்டு மரத்துக்கு மட்டும் விலை பேசுங்க.

சிங்கப்பூர், கனடான்னு வெளிய இருந்து கேக்குறவங்க நிறைய பேர் எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி பண்ணக் கூடாது. உங்க மேசை அந்த வகையில வராதுன்னா, இந்தியத் தொல்லியல் துறைகிட்ட அது தொல்பொருள் இல்லைங்கிற சான்றிதழ் வாங்கிக்கலாம். ஈட்டி மரமா இருந்தா இன்னொரு படி இருக்கு. 2017-ல இருந்து ஈட்டி இனம் முழுக்க சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்ஸ் பட்டியல்ல இருக்கு, அதுக்கான விதிகளையும் பார்க்கணும். கப்பல் ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம்"னு சொன்னா, காகிதம் கையில வர்ற வரைக்கும் பணம் கொடுக்காதீங்க.

இனி வீட்டுக்கு வந்த பிறகு. வந்த உடனே பாலிஷ்காரரைக் கூப்பிடாதீங்க. ஒரு மாசம் சும்மா நிக்கட்டும். உங்க வீட்டு ஈரப்பதத்துக்கு மரம் பழகணும். கீழே கறுப்புக் காகிதம் விரிச்சு வைங்க. வெளிர் நிறத்துல புதுப் பொடி விழுந்தா உள்ளே வண்டு உயிரோட இருக்கு. பொடி விழலைன்னா பழைய ஓட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம். தேக்கோட வைரம் பகுதியை வண்டு தொடாது, பலா, மா அடிப்பலகையிலயும் தேக்கோட வெளிர்ந்த ஓரத்துலயும்தான் வேலை காட்டும்.

பழைய பாலிஷ் என்னன்னு தெரிஞ்சுக்க, கண்ணுக்குப் படாத இடத்துல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஒரு சொட்டு வைங்க. பிசுபிசுன்னு இளகினா அது அவலரக்குல போட்ட பிரெஞ்சு பாலிஷ். அதைச் சுரண்டி எடுத்துட்டு மேல பாலியூரித்தேன் அடிக்கிறவங்க இருக்காங்க. அடிச்ச அன்னைக்கு ஹோட்டல் வரவேற்பறை மாதிரி மின்னும். தேய்மானம், கை பட்ட நிறம், நாம இவ்வளவு நேரம் பேசின சாட்சியெல்லாம் உப்புத்தாளோட போயிடும். திரும்ப வராது. அவலரக்கு அப்படியில்லை. தெரிஞ்ச பாலிஷ்காரர் கெட்ட இடத்தை மட்டும் மேல மேல போட்டுச் சரிசெஞ்சுடுவார்.

அவலரக்குக்கு எதிரி சென்ட். சென்ட்ல இருக்கிறது ஆல்கஹால், ஒரு துளி விழுந்தாலே கரைச்சுடும். டிரெஸ்ஸிங் டேபிள்ல சென்ட் வைக்காம எங்கே வைக்கிறதுன்னு கேப்பீங்க. ஒரு தட்டு வச்சு அதுமேல வைங்க. எண்ணெய்ப் பாட்டிலுக்கும் அதே தட்டு. சூடான காபி டம்ளர் வச்சு வெள்ளை வளையம் விழுந்தா, அது பாலிஷ்ல புகுந்த ஈரம், மரம் கெடலை. துடைக்கப் பழைய வேட்டித் துணி, காஞ்ச துணி. வருஷத்துக்கு ஒரு தடவை தேன்மெழுகு மெல்லிசா தடவித் தேய்ச்சா போதும். தேங்காய் எண்ணெய் தேய்க்கிறவங்களுக்கு: அது மின்னும், பிறகு தூசியைப் பிடிச்சு வச்சுச் சிக்காகும்.

கண்ணாடி மேல எதையும் நேரா ஸ்பிரே பண்ணாதீங்க. அது வழிஞ்சு கீழ்ச் சட்டத்துக்குள்ள இறங்கும், ரசம் போறது அங்கேதான் தொடங்கும். துணியில லேசா தொட்டுத் துடைங்க. வெயில் நேரா படுற ஜன்னலோரமும், ஏ.சி. காத்து நேரா அடிக்கிற இடமும் வேண்டாம். தரை துடைக்கிற தண்ணி காலுக்குள்ள ஏறும், காலுக்கு அடியில மெல்லிசா ஒரு மரத்துண்டு கொடுங்க. நகர்த்தும்போது கண்ணாடிச் சட்டத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க. இழுப்பறைகளை எடுத்துட்டு, கண்ணாடியைத் தனியா கழட்டி, மேசையை அடிச்சட்டத்தைப் பிடிச்சுத் தூக்குங்க.

ரசம் போன கண்ணாடியில முகமே தெரியலைன்னா என்ன பண்றதுன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. பழைய கண்ணாடியை எடுத்துத் துணி சுத்தி, அந்த மேசைக்குப் பின்னாலயே நிமிர்த்தி வைங்க. அதே அளவுல புதுக் கண்ணாடி வெட்டிச் சட்டத்துல போட்டுக்கங்க. பின்பலகையில தேதி போட்டு எழுதுங்க: இந்த வருஷம் மாத்தினோம், பழசு பின்னால இருக்குன்னு. பழசை மட்டும் கடைக்காரர்கிட்ட விட்டுட்டு வராதீங்க. அது இன்னொரு மேசை மேல ஏறிடும்.

அடுத்த எபிசோட்ல பிரெஞ்சு பாலிஷ் பத்தி, ஒரு பாலிஷ்காரரையே கூட்டிட்டு வந்து பேசுறோம். உங்க மேசைகளோட படம் அனுப்புறவங்க, பின்பக்கப் படத்தை முதல்ல அனுப்புங்க.